வார்னிஷ் வாசனை

ஜனவரி 10

அன்புள்ள ஏம்மாவுக்கு,

உறையின் மேல் தபால்காரருக்காக உன் பெயரை எழுதினேன். உள்ளே எழுதக் கை வரவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கூப்பிடுகிற 'ஏம்மா'தான் வந்தது.

நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி? நம் வாயாடி ஒழுங்காகக் கல்லூரிக்குப் போகிறாளா, அல்லது அங்கேயும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாளா?

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஒரு பெரிய ஹோட்டலில் பராமரிப்புப் பிரிவு. சட்டைப் பையில் 'என்ஜினியரிங்' என்று நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டார்ச், ஒரு இடுப்பு பெல்ட், ஒரு ஏணி. ஏணிக்குக்கூட நம்பர் உண்டு. இப்போதைக்கு ஒரு வருஷ ஒப்பந்தம், நீட்டித்தால் இரண்டு. அறையில் அடுக்குக் கட்டில்கள். என் தலைக்கு மேல் படுக்கிறவன் நம் மொழிக்காரன், சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவன். அவன் கண்ணை மூடினால் கட்டிலின் திருகாணியெல்லாம் கழன்று வருகிறது. 'குறட்டை' என்று பெயர் வைத்துவிட்டேன். மற்றபடி தங்கமான மனுஷன். விழித்திருக்கும்போது நான் பேசுவதையெல்லாம் வாயைப் பிளந்து கேட்கிறான்.

டெலிபோன் இருக்கிறது. ஆனால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் நம் குடும்பத்தில் ஒருத்தராகிவிடுவார்கள். அதனால் கடிதமே மேல்.

இப்போது முக்கியமான விஷயம். கடை ஷட்டரைத் திறக்காதே. யாருக்கும் வாடகைக்கு விடாதே. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட அந்தத் தெருவில் உருப்படியான கை ஒன்றுதான். அந்தக் கை இப்போது இங்கே இருக்கிறது. நான் திரும்பி வந்து, என் கையால் ஷட்டரைத் தூக்கும்போது, எதிரே இதே தொழிலுக்குக் கடை போட்டிருக்கிற சோடாபுட்டியின் முகம் போகிற போக்கை நான் பார்க்கவேண்டும். அவன் மச்சினன் வெளிநாடு போய் மாடி எழுப்பினான் என்ற வயிற்றெரிச்சலில்தான் நான் இந்த வயதில் விமானம் ஏறினேன் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும். உண்மையைப் பேசுகிறவர்களை நாம் என்ன செய்ய முடியும்?

ஒரே குறை. நான் கம்பியைச் சுற்ற, நீ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்ல, நான் பாட்டுக்கு ஊர்வம்பு பேச... இங்கே அப்படி எண்ணிச் சொல்ல ஆளில்லை.

மேலே ஆரம்பித்துவிட்டான். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு முடிக்கிறேன்.

உன்
என்னங்க


பிப்ரவரி 4

மரியாதைக்குரிய என்னங்க அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இடுப்பு வலியைக் கேட்டிருந்தீர்கள். அதை நினைக்க எனக்கு நேரமில்லை. அதுவும் என்னை மறந்துவிட்டது போல. முழங்காலுக்கு ராத்திரியில் தைலம் தடவுங்கள். தடவிக்கொண்டே பேசாதீர்கள், பேசினால் ஒரே காலில் இரண்டு தடவை தடவுவீர்கள்.

வாயாடி கல்லூரிக்குப் போகிறாள். "அப்பா அங்க யார்கிட்டம்மா பேசுவாரு? பாவம்மா அந்த ஊர்க்காரங்க" என்கிறாள்.

ஷட்டர் விஷயம் எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டு மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிகிறதாம். சோடாபுட்டி உங்களை விசாரித்தார். "அண்ணன் அங்க போய் பெரிய ஆளாயிட்டாராமே?" என்றார். "ஏணிக்கே நம்பர் குடுத்திருக்காங்கண்ணே, அப்ப ஏறுறவருக்கு எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு சின்னச் சந்தேகம். அரை ஹெச்.பி. மோட்டாருக்குப் போடுகிற கேஜ் கம்பியையே ஒரு ஹெச்.பி.க்கும் போடலாமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டியில் வந்தது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு
ஏம்மா


பிப்ரவரி 26

அன்புள்ள ஏம்மாவுக்கு,

சுகம். தைலம் தடவினேன், பேசாமலே. குறட்டை தூங்கிவிட்டதால் வேறு வழியில்லை.

கேட்டாயே ஒரு கேள்வி! கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் கேட்டதிலேயே அழகான கேள்வி அதுதான். போடவே கூடாது. பெரிய மோட்டாருக்குத் தடித்த கம்பி, சுற்று குறைவு. சின்ன மோட்டாருக்கு மெல்லிய கம்பி, சுற்று அதிகம். மாற்றிப் போட்டால் பத்து நிமிஷத்தில் புகை. மூங்கில் குச்சியால் கம்பியை அழுத்தும்போது மேல்பூச்சு உரியக்கூடாது. குழந்தைக்குக் காது குத்துகிற மாதிரி மெதுவாக... இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். குறுக்கெழுத்துக் கட்டத்தில் அவ்வளவு அடங்காது என்று உறைத்தது.

அப்புறம்தான் மற்றதும் உறைத்தது. டீச்சர் வீட்டு மோட்டார் நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் எரிந்தது. "நான் திரும்பி வந்து கட்டித் தரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அது எப்படி ஓடுகிறது?

இன்னொன்று. உன் கடிதத்தைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதே, இங்கே எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். உன் தலையெண்ணெய் வாசனை வரும் என்று நினைத்தேன். வந்தது வார்னிஷ் வாசனை. காயில் கட்டி முடித்து மேலே ஊற்றுகிற அதே வார்னிஷ். என் மூக்குக் கோளாறோ என்று குறட்டையிடம் நீட்டினேன். "அண்ணே, பெயிண்ட் டப்பாவைத் தொறந்த மாதிரி இருக்கு" என்றான்.

நம் கடை பூட்டியிருக்கிறது. தெருவில் உடம்பெல்லாம் வார்னிஷ் நாறுகிற ஆள் பாக்கி ஒருத்தன்தான். நீ கடிதம் எழுதும்போது அவன் நம் மேஜைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தான்? கோபத்தில் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன்
என்னங்க


மார்ச் 28

மரியாதைக்குரிய என்னங்க அவர்களுக்கு,

எங்களுக்கு ஒரு குறையுமில்லை. பதில் தாமதம். கை ஓயவில்லை.

வாசனை பற்றி எழுதியிருந்தீர்கள். என் தலையில் என்ன எண்ணெய் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டதில்லை. கடல் தாண்டினதும் உங்களுக்கு மூக்கு முளைத்திருக்கிறது. சந்தோஷம்.

டீச்சர் மோட்டாரை யார் கட்டினால் என்ன? தண்ணீர் ஏறுகிறது. அந்தப் பிள்ளைகள் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சோடாபுட்டி நேற்று வந்திருந்தார். புதுக் கண்ணாடி, பழசைவிடத் தடிமன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். உங்களுக்கு அவரைப் பற்றி என்ன தோன்றினாலும், நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார்.

நீங்கள் அந்தக் குறட்டையிடம் தினமும் பேசுகிறீர்கள் என்று தெரிகிறது. நம் தெருக் கதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டீர்களா? டீச்சர் வீட்டு நாய் தபால்காரரைத் துரத்தின கதையுமா? எனக்கு அந்த ஆள்மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

கேஜ் விஷயம் சரியாக இருந்தது. போட்டியில் ஜெயித்தேன்.

இப்படிக்கு
ஏம்மா


ஏப்ரல் 13

டீக்கடை அண்ணனுக்கு,

உங்கள் கடைவாசலில் இருபது வருஷம் டீ குடித்த தம்பி எழுதுவது. உங்களுக்கு மூச்சிரைப்பு தேவலையா? அண்ணி சுகமா? இங்கே டீ என்று ஒன்று தருகிறார்கள். அதைக் குடித்தால் உங்கள்மேல் மரியாதை கூடுகிறது.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் பாய்லருக்குப் பின்னால் நின்றால் என் கடையும் தெரியும், சோடாபுட்டி கடையும் தெரியும். உளவு பார்க்கச் சொல்லவில்லை. டீ ஆற்றும்போது கண் எங்கேயாவது பார்க்கத்தானே வேண்டும்? அது என் கடைப் பக்கம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறேன். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஆறுதல் எதுவும் வேண்டாம்.

அன்புத் தம்பி


மே 2

தம்பிக்கு,

மூச்சிரைப்பு மழைக்கு மட்டும் வரும், மற்றபடி நான் பாய்லர் மாதிரிதான். அண்ணியும் சுகம்.

கடிதத்தை அடுப்பில் போடச் சொல்லியிருந்தீர்கள். போட்டுவிட்டேன். கண்ணாடி கொண்டுவர மறந்ததால் அதற்கு முன்னால் கடையில் இருந்த ஒருத்தரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்தான், பாவம் என்று.

பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் கடை ஷட்டர் காலையிலேயே ஏறிவிடுகிறது. சாயந்திரம் வரை உள்ளே லைட் எரிகிறது. சோடாபுட்டி தன் கடையிலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்குள் போகிறார். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வருகிறார். அவருக்குப் பல் இருப்பதே இந்தத் தெருவுக்கு இப்போதுதான் தெரியும். உங்கள் கடைக்கு டீ தினமும் போகிறது. ஒன்றுக்குச் சர்க்கரை கிடையாது.

மேற்கொண்டு கேட்டதற்கு உங்கள் வீட்டம்மா, "அவருக்கு நானே எழுதிக்கிறேண்ணே" என்று சொல்லி ஒரு பார்வை பார்த்தார். என் மிக்ஸி அங்கேதான் ரிப்பேருக்குக் கிடக்கிறது. அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

டீக்கடைக்காரன்


மே 21

வணக்கம்.

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு கிடையாது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடு.

எல்லாம் தெரிந்துவிட்டது. சர்க்கரை இல்லாத டீ யார் குடிப்பது என்றும் தெரியும். அவன் மச்சினனே ஒரு கல்யாணத்தில் சொன்னான், "மாமாவுக்கு சுகர்" என்று.

என் கடையில் அவன்! என் ஸ்டூலில் அவன்! நான் சீவிச் சீவி வழுவழுப்பாக்கின மூங்கில் குச்சி அவன் கையில்! ஷட்டரைத் திறக்காதே என்றேன். நீ படித்தேன் என்று எழுதினாய். கேட்கிறேன் என்று எழுதவில்லை. அதை அப்போதே கவனிக்காத முட்டாள் நான்.

சரி. மாடி அவனுக்கு. தெரு அவனுக்கு. கடையைக்கூட எடுத்துக்கொள்ளட்டும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். அவன் கம்பி சுற்றும்போது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நீ எண்ணிச் சொல்கிறாயா?

இதை மூன்று நாளாக யோசித்து மூன்று பல்பைக் கீழே போட்டுவிட்டேன். போர்மன் முறைக்கிறார். முறைக்கட்டும்.

கையெழுத்துப் போட மனமில்லை.


ஜூலை 17

என்னங்க,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். கத்துகிறவர்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உங்கள் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. கோபம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். உங்கள் கோபம் இல்லை. என்னுடையது.

கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. அவருக்கு நான் எண்ணிச் சொல்லவில்லை. எனக்கு நானே எண்ணிக்கொள்கிறேன். ஷட்டரைத் திறந்தது நான். டீச்சர் மோட்டாரைக் கட்டியது நான். வார்னிஷ் வாசனை என் விரலில் இருந்து வந்தது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

நீங்கள் விமானம் ஏறின அடுத்த வாரம் டீச்சர் இரண்டு கையிலும் குடத்தோடு வாசலில் நின்றார். "உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் எம் புள்ளைங்க குளிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? பத்தொன்பது வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். வாய்தான் எண்ணியது. கண் சும்மாவா இருந்தது? முதல் காயில் புகைந்தது. அடுத்தது முனகியது. அதற்கடுத்தது ஓடியது. அன்றைக்கு உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று துடித்தேன். ஷட்டரைத் திறக்காதே என்று அன்றைக்குத்தான் உங்கள் முதல் கடிதம் வந்தது.

சோடாபுட்டிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. "தங்கச்சி, கம்பி ரெண்டு ரெண்டா தெரியுது. எதைப் புடிச்சு உள்ள விடறதுன்னே தெரியலம்மா" என்று ஒரு நாள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். உங்கள் பரம எதிரி நம் வாசலில் தலை குனிந்து நின்றதை நீங்கள் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கமாட்டீர்கள். அவருக்கு வருகிற வேலையை நான் கட்டிக் கொடுக்கிறேன். அதற்குத்தான் டீக்கடை அண்ணன் உங்களுக்கு எழுதின அந்தச் சிரிப்பு.

அவர் இன்னொன்றும் சொன்னார். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அவரை உளவு பார்க்கச் சொன்னீர்களே, கடை முழுக்கப் படித்துக் கேட்டார்களாம், அதற்காக எழுதுகிறேன், எரியட்டும். "அண்ணன் கட்டினா மோட்டார் ஓடும். நீ கட்டினா சத்தமே இல்லாம ஓடுது" என்றார்.

இப்படிக்கு
ஏம்மா


செப்டம்பர் 19

அன்புள்ள ஏம்மாவுக்கு,

சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன். நம்பாதே.

சத்தமே இல்லாமலா? அந்த வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சோடாபுட்டிமேல் எனக்கு இருந்த பொறாமை பழகின பொறாமை. வீட்டு நாய் மாதிரி கூடவே வரும், கடிக்காது. இது அப்படி இல்லை. பெண்டாட்டிமேல் தொழில் பொறாமை வந்தவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? குறட்டையிடம் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான்.

உனக்கு எழுதாத விஷயம் ஒன்று உண்டு. இங்கே யாரும் காயில் கட்டுவதில்லை. மோட்டார் எரிந்தால் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். நான் பல்பு மாற்றுகிறவன். அதற்குத்தான் ஏணி. செம்புக் கம்பி பளபளக்கிற மோட்டாரைக் குப்பைத் தொட்டியில் பார்க்கும்போதெல்லாம் சொந்தக்காரன் யாரோ விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கும்.

உன் கடிதம் வந்த மறுநாள் சலவைப் பிரிவில் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி மோட்டார் எரிந்தது. நேரே போர்மனிடம் போனேன். நான் கட்டுகிறேன் என்று கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து முதலில் நாற்காலி போட்டார். புரிந்ததும் சரி என்றார்.

எண்ணிச் சொல்வதற்குக் குறட்டையைக் கூட்டிப் போனேன். நான் சுற்றினேன். வாய் சும்மா இருக்குமா? டீச்சர் வீட்டு நாய்க் கதையை ஆரம்பித்தேன். கதை முடிந்து நிமிர்ந்தால், எண்ணிக்கொண்டிருந்தவன் சுவரில் சாய்ந்து திருகாணி கழற்றிக்கொண்டிருக்கிறான். "டேய், எத்தனை?" என்றால், "நாயா அண்ணே? ஒண்ணுதானே சொன்னீங்க?" என்கிறான்.

பிரித்துக் கட்டியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. உத்தேசமாகச் சுற்றி முடித்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, எல்லாரையும் கூப்பிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஓடியது. சத்தத்தோடு ஓடியது. அப்புறம் புகை. அப்புறம் கட்டடம் முழுக்க அபாய மணி. தங்கியிருந்த அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள். ஒருத்தருக்குப் பாதிக் கன்னத்தில் சவர நுரை, ஒருத்தருக்கு இடுப்பில் துண்டு மட்டும். தீயணைப்பு வண்டி வந்தது. நான் மட்டும் நடுவில் நின்று உன்னை நினைத்தேன். அன்பாக என்று சொல்லமாட்டேன். பொறாமையாக.

ஏணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இப்போது சலவைப் பிரிவில் துண்டு மடிக்கிறேன். மடித்ததை மெஷினே எண்ணிக்கொள்கிறது. அதைப் பார்த்தாலும் எரிகிறது. அடுத்த வருஷமும் இதே வேலையில் இருப்பதானால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். மாத முடிவுக்குள் சொல்லவேண்டுமாம். கெஞ்சி ஒரு மாதம் தள்ளி வாங்கியிருக்கிறேன்.

உன் கடையில்... பார், கை அதுவாக எழுதிவிட்டது, அடிக்கவும் மனமில்லை. உன் கடையில் எனக்கு ஒரு இடம் இருக்குமா? நீ சுற்று, நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்கிறேன்.

உன்
என்னங்க


அக்டோபர் 8

அன்புள்ள என்னங்க,

நாங்கள் சுகம். நெருப்பு உங்கள்மேல் படவில்லையே? அதை எழுதாமல் யாரோ இடுப்பில் துண்டு கட்டியிருந்ததை எழுதியிருக்கிறீர்கள். வாயாடி படித்துவிட்டுச் சிரித்தாள், பிறகு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சிரிக்க மட்டும் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிச் சொல்கிற வேலைக்கு உங்களை எடுக்க முடியாது. பேசுகிற ஆளுக்கு எண்ண வராது. அதனால்தானே என்னைக் கட்டிக்கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தீர்கள்?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் மட்டும்தான் மறைத்தீர்களா? சத்தமில்லாமல் ஓடுகிற மோட்டாரை நான் ஒரே தடவையில் கட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்து இரண்டு மூன்று முறை கட்டுகிறேன். எண்ணிக்கை தப்புகிறது. எனக்கு! உங்கள் பேச்சுக்கு நடுவில் ஒரு சுற்று தப்பாத எனக்கு! ஏன் என்று புரிய எனக்கே மாதக்கணக்கு ஆனது. கடை நிசப்தமாக இருக்கிறது. பத்தொன்பது வருஷம் உங்கள் வம்பைக் கேட்டுக்கொண்டே எண்ணிப் பழகின காது, சும்மா இருந்தால் எங்கேயோ போய்விடுகிறது. ரேடியோ வைத்துப் பார்த்தேன். அதற்கு நம் தெருக் கதை தெரியாது. சோடாபுட்டியிடம், "ஏதாவது பேசிட்டிருங்கண்ணே" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இன்னிக்கு வெயில்" என்றார். மறுநாள், "நேத்தும் வெயில்தான்" என்றார்.

அந்தக் குறட்டைமேல் எரிச்சல் என்று முன்பு எழுதினேன். உண்மையில் அது எரிச்சல் இல்லை. எனக்குச் சேரவேண்டிய பேச்சையெல்லாம் அந்த ஆள் தூங்கிக்கொண்டே கேட்கிறானே என்று வயிறு எரிந்தது. நாய்க் கதையை வேறு சொல்லியிருக்கிறீர்கள்!

கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஸ்டூலில் நான் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருப்பதாக இல்லை. என்னுடைய பழைய ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது. வந்து உட்கார்ந்து பேசுங்கள். கம்பியை மட்டும் தொடக்கூடாது.

இப்படிக்கு
ஏம்மா

பின்குறிப்பு: நீங்கள் வருகிற அன்று ஷட்டரைப் பூட்டி வைக்கிறேன். நீங்களே உங்கள் கையால் தூக்குங்கள். சோடாபுட்டியிடம் சொல்லிவிட்டேன், எதிரே வந்து நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தூரத்தில் நின்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "எவ்வளவு பக்கத்துல நிக்கணும்மா? முகம் எப்படி வச்சுக்கணும்?" என்று கேட்கிறார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.